படிவம் 1 சுலபமாகப் போகிறதே, கவலைப்பட வேண்டுமா?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை நகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை வகுப்பில் முன்னணியில் இருந்தவன். இந்த ஆண்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படிவம் 1. வாரத்துக்கு ஒன்றிரண்டு வீட்டுப்பாடம்தான் வருகிறது. சில பாடவேளைகளில் ஆசிரியரே வருவதில்லை என்கிறான். ஆனாலும் அரையாண்டு அறிக்கையில் கணிதம் டிபி (அடைவுநிலை) 4, அறிவியல் டிபி 4. “பள்ளியில் பாடம் கனமாக இல்லையோ? இப்படியே விட்டால் எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) வரும்போது மாட்டிக்கொள்வானோ? தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? மற்ற பாடங்களுக்கு நேரம் கிடைக்கத் தமிழை விட்டுவிடச் சொல்கிறார் என் அண்ணன், அது சரியா?” என்று நான்கு கேள்விகள்.

சகோதரி, நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான். பிள்ளை உண்மையிலேயே கற்றுக்கொள்கிறானா, அதை வீட்டிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளி கடினமா சுலபமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். எனவே இதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றவை தாமாகவே பின்னால் வரும். நான் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன். பெரும்பாலும் கீழ்ப்படிவங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் ஆண்டில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கணிதத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அறிவியல், வரலாறு பற்றிச் சக ஆசிரியர்களோடு பேசி அறிந்த அளவுக்குத்தான் பேச முடியும். உங்கள் மகனின் பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். படிவம் 1 பாடத்திட்டம் கனமானது. 2017-இல் வந்த பாடத்திட்டத்தின்படி கணிதப் புத்தகத்தில் மட்டும் 13 அத்தியாயங்கள். எதிர்ம எண்களில் ஆரம்பித்து, காரணிகள், வர்க்கமூலம், விகிதம் என்று போய், ஆண்டின் நடுவிலேயே இயற்கணிதத்துக்குள் நுழைந்து, சமன்பாடு, கோணங்கள், பல்கோணங்கள், கணங்கள், தரவு எல்லாம் தாண்டி, பைத்தகோரஸ் தேற்றத்தில் முடிகிறது. அறிவியலில் உயிரணு, இனப்பெருக்கம், பருப்பொருள், தனிமங்களின் அட்டவணை, ஒளி எல்லாம் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். வரலாற்றில் பனியுகத்தில் தொடங்கி மெசொப்பொத்தாமியா, எகிப்து, கிரேக்கம், இந்தியா, சீனா, இஸ்லாமிய நாகரிகம் வரை. இத்தனையும் மலாய்மொழியில். தமிழில் கணிதமும் அறிவியலும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இது ஒரே நேரத்தில் இரண்டு ஏற்றம்: பாடமும் ஏறுகிறது, மொழியும் மாறுகிறது. போதாக்குறைக்கு, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தே காய்ச்சலா என்று கேட்ட வகுப்பாசிரியரிடமிருந்து, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து போகும் இடத்துக்கு மாறுகிறான். அவர்களில் பலருக்கு அவன் பெயரே இரண்டாம் மாதத்தில்தான் மனத்தில் பதியும்.

அப்படியானால் வீட்டில் ஏன் சுலபமாகத் தெரிகிறது? வெளியிலிருந்து அளந்து சொல்ல ஆளில்லை என்பதே முதல் காரணம். ஆறாம் ஆண்டில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது, படிவம் 3-இல் இருந்த பிடி3 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் கழுத்தை நெரித்த தேர்வுகள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மாதிரித்தாள்களை மட்டுமே தின்று வாழ்ந்த காலம் அது. ஆனால் அந்தத் தேர்வுகள் பெற்றோருக்கு ஒரு வேலை செய்தன. பிள்ளையைத் தெரியாத ஒருவர் தயாரித்த கேள்விக்கு அவன் என்ன எழுதினான் என்பதைக் காட்டின. இப்போது அந்தக் கண்ணாடி இல்லை. ஆண்டு இறுதியில் உவாசா என்ற தேர்வு உண்டு. அதைத் திருத்துவது அதே பள்ளி ஆசிரியர்கள், முடிவு உங்கள் கைக்கு வரும்போது ஆண்டே முடிந்துவிடும்.

மற்றொரு காரணம் அந்த டிபி. வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். பல பெற்றோர் 4 என்றால் ஆறில் நான்கு, அதாவது நூற்றுக்கு அறுபத்தாறு என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இது மதிப்பெண்ணே கிடையாது. கணிதத்தைப் பொறுத்தவரை 3 என்றால் புரிந்துகொண்டதைக் கொண்டு எளிய வேலையைச் செய்கிறான். 4 என்றால் பழக்கமான வகையைச் சேர்ந்த எளிய கணக்குகளைத் தீர்க்கிறான். 5 என்றால் பழக்கமான வகைதான், ஆனால் சிக்கலானவை. இதுவரை பார்த்திராத மாதிரி அமைந்த கேள்வியையும் சொந்தமாக யோசித்துத் தீர்ப்பவனுக்குத்தான் 6. ஆகவே உங்கள் மகனின் டிபி 4 பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை, கொண்டாட வேண்டியதும் இல்லை. வகுப்பில் செய்துகாட்டிய மாதிரிக் கணக்குகளைச் செய்கிறான் என்பதுதான் அதன் பொருள். எஸ்.பி.எம். கேட்பது அதற்கு மேலே. அதோடு, நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாகக் கவனித்து எழுதும் ஆசிரியரும் உண்டு, அறிக்கை கொடுக்க வேண்டிய வாரத்தில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்புபவரும் உண்டு. உங்கள் மகனின் ஆசிரியர் எந்த வகை என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் கவலை உங்கள் வீட்டுக் கவலை மட்டுமில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நம் நாட்டுப் படிவம் 2 மாணவர்கள் எழுதும் டிம்ஸ் என்ற அனைத்துலகத் தேர்வில் 2019-இல் கணிதத்துக்கு 461 புள்ளி கிடைத்தது. 2023-இல் அது 411-க்கு இறங்கியது. அறிவியல் 460-இலிருந்து 426. பதினைந்து வயதினர் எழுதும் பீசா தேர்வில் 2018-இல் கணிதம் 440, 2022-இல் 409. வாசிப்பு 415-இலிருந்து 388. சிறு சரிவு என்று தட்டிக்கழிக்கக்கூடிய எண்கள் இல்லை இவை. ஆனால் ஏன் சரிந்தது என்ற இடத்தில் நான் நிதானமாகத்தான் பேசுவேன். பொதுத்தேர்வுகளை நீக்கியதால் என்பார் சிலர். ஆனால் 2023-இல் டிம்ஸ் எழுதிய பிள்ளைகள் கோவிட் காலத்தில் ஆரம்பப்பள்ளியின் மேல் ஆண்டுகளில் இருந்தவர்கள். பின்னங்களைக் கற்கவேண்டிய மாதங்களில் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது. அதைவிட முக்கியம், ஒரு நாட்டின் சராசரி உங்கள் மகனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு அவனுடைய நோட்டுப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

சரி, எப்படிப் பார்ப்பது? கணித நோட்டை வாங்கி முதலில் தேதிகளை மட்டும் பாருங்கள். கணிதம் வாரத்தில் சில நாள் கட்டாயம் உண்டு. இரண்டு தேதிகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விழுந்திருந்தால் அவனிடம் கேளுங்கள். விளையாட்டுப் போட்டி, விடுமுறை, பள்ளி நிகழ்ச்சி என்று காரணம் இருக்கலாம். இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். அடுத்து, தவறுகளைத் தேடுங்கள். பக்கம் பக்கமாகச் சரி அடையாளம் மட்டுமே இருந்து ஒரு தவறுகூட இல்லையென்றால், எனக்கு அது நல்ல செய்தியாகத் தெரியாது. வெண்பலகையிலிருந்து விடையைப் பார்த்து எழுதிய நோட்டு அப்படித்தான் இருக்கும். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நோட்டில் அடித்தல் இருக்கும், தவறு இருக்கும், தவற்றுக்குக் கீழே அவனே திருத்தி எழுதியது இருக்கும். பாடநூல் இரவல் புத்தகம், அதில் எழுதக் கூடாது. ஆகவே அவன் யோசித்த தடயம் எங்காவது இருக்கிறதென்றால் இந்த நோட்டில்தான் இருக்கும்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. அவனைப் பரீட்சை மேசையில் உட்காரவைத்து மிரட்ட வேண்டாம், சாப்பிட்டு முடித்த பிறகு சாதாரணமாகக் கேட்டால் போதும். ஒரு தாளில் −6 − (−9) என்று எழுதிக் கொடுங்கள். விடை 3. −15 என்று எழுதினால் முதல் அத்தியாயமே உள்ளே இறங்கவில்லை என்று பொருள். இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், படிவம் 1-இல் இயற்கணிதம் வரவில்லை என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இயற்கணிதம் ஒரு பிரச்சினையே இல்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தால் என்ன செய்வது என்பதில்தான் தகராறு. அதைச் சரிசெய்யாமல் சமன்பாட்டுக்குப் போனால், அங்கே தவறு, அதற்கடுத்த சமனின்மையில் தவறு, படிவம் 2-இல் விரிவாக்கத்தில் தவறு, படிவம் 4-இல் இருபடிச் சமன்பாட்டிலும் அதே தவறு. ஒரே கோளாறு ஐந்து ஆண்டுகள் கூடவே வரும். வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய ஒரு வாரம் போதும்.

அடுத்தது விகிதக் கணக்கு. அலியும் முத்துவும் ஒரு தொகையை 3 : 5 என்ற விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இருவர் பங்குக்கும் உள்ள வேறுபாடு 24 ரிங்கிட். மொத்தத் தொகை எவ்வளவு? இதை முதலில் மலாயில் கொடுங்கள். இதே அமைப்பில் கேள்விகள் கடையில் விற்கும் எந்தப் பயிற்சி நூலிலும் இருக்கும். சரியான வழி: 5-இலிருந்து 3 போக 2 பங்கு, 2 பங்கு 24 என்றால் ஒரு பங்கு 12, மொத்தம் 8 பங்கு, ஆக 96 ரிங்கிட். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் என்ன எழுதுவார்கள் தெரியுமா? 3-ஐயும் 5-ஐயும் கூட்டி 8, 24-ஐ 8-ஆல் வகுத்து 3, ஆகவே அலிக்கு 9, முத்துவுக்கு 15. அந்த 24-ஐ மொத்தத் தொகையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேள்வியில் வேறுபாட்டைக் குறிக்கும் ‘பேசா’ என்ற மலாய்ச் சொல்லைத் தாண்டி ஓடிவிட்டார்கள், அல்லது அதன் பொருள் தெரியவில்லை.

இப்போது எண்களை மாற்றி அதே கணக்கைத் தமிழில் கேளுங்கள். தமிழில் பட்டென்று சரியாகச் சொல்லிவிட்டால், அவனுக்குக் கணிதம் இருக்கிறது, மலாய்மொழிதான் இடறுகிறது. தமிழிலும் அதே தவறு வந்தால், பங்கு என்றால் என்ன என்பதே தெளிவாகவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மொழி இடறும் பிள்ளையைக் கணித டியூஷனுக்கு அனுப்பினால் பணமும் போகும், நேரமும் போகும், தனக்குக் கணக்கு வராது என்ற எண்ணம் மட்டும் ஊன்றிவிடும். அப்படி ஊன்றிப்போன நல்ல மாணவர்கள் பலரைப் படிவம் 4-இல் பார்த்திருக்கிறேன். ஆறாம் ஆண்டில் கணிதத்தில் முன்னணியில் இருந்தவர்கள், அறிவியல் பிரிவையே எட்டிப் பார்க்காமல் ஒதுங்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த முதல் ஆண்டில் நம் பிள்ளைகளுக்கு நடக்கும் மிகப்பெரிய இழப்பு இதுதான். பாடம் சுலபமாக இருப்பதால் வரும் இழப்பைவிடப் பெரியது.

மலாய்மொழிதான் காரணம் என்று தெரிந்தால் என்ன செய்வது? தமிழ்ப்பள்ளி மலாய்ப் பாடநூலும் தேசியப் பள்ளி மலாய்ப் பாடநூலும் வேறு வேறு. படிவம் 1-இலோ எல்லோருக்கும் ஒரே புத்தகம். ஆகவே உங்கள் மகன் பின்தங்கியவன் என்று நினைக்காதீர்கள், அவன் ஏறிவந்த படி அவ்வளவு உயரம்தான். வரலாற்றுப் பாடநூலில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று தமிழில் உங்களிடம் சொல்லட்டும். அதற்கு அப்புறம் மலாயில் இரண்டு வாக்கியம் எழுதட்டும். உங்களுக்கு மலாய் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் சொல்லும்போது அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வரலாற்றை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். வரலாற்றுக்கு இந்த விதி 2013-இலிருந்து. ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் உழைத்ததாகிவிடும். பள்ளியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும் டி.எல்.பி. வகுப்பு இருந்து, அவன் அதில் இருந்தால், மேலே சொன்ன சோதனையை ஆங்கிலத்தில் செய்யுங்கள். இடறும் இடம் அதேபோலத்தான் தெரியும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அளவைப் பார்க்காதீர்கள். நாற்பது கணக்கு கொடுத்துத் திருத்தாமல் விடும் ஆசிரியரைவிட, ஐந்து கொடுத்து ஐந்தையும் பார்த்து, தவறு செய்தவனைக் கூப்பிட்டு விளக்கும் ஆசிரியர் பல மடங்கு மேல். வாரத்துக்கு இரண்டு வந்தாலும் அவை திருத்தப்பட்டுத் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள்.

ஆசிரியர் வராத பாடவேளை வேறு விஷயம். இதில் இரண்டு வகை உண்டு. ஆசிரியருக்குப் பயிற்சி, மருத்துவ விடுப்பு, மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துப் போவது என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வராமல் போவது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. அந்த நேரத்தில் வேறொருவர் வந்து உட்காருவார், பிள்ளைகள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இதற்காகப் பள்ளிக்கு ஓட வேண்டாம். ஆனால் ஒரே பாடத்தில் வாரக்கணக்கில் ஆள் இல்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது. ஆசிரியர் மாற்றலாகிப் போய், பதில் ஆள் வராமல் இடம் காலியாகக் கிடப்பது நம் மாநிலத்திலும் நடக்கிறது. சபாவில் கோத்தா பெலூட்டில், ஆங்கில ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கு வரவில்லை என்று முன்னாள் மாணவிகள் மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 2023-இல் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஆளுக்கு 50,000 ரிங்கிட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்களை வழக்குப் போடச் சொல்லவில்லை. ஆசிரியர் வந்து கற்பிப்பதைக் கேட்பது பெற்றோரின் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, அது பிள்ளையின் உரிமை என்று இந்நாட்டு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நம்மவர்கள் பலர் பள்ளி அலுவலகத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நிற்கத் தேவையில்லை.

நோட்டுத் தேதிகளைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். “ஆசிரியர் வருவதே இல்லையாம்” என்று போனால், “அப்படியெல்லாம் இல்லையே அம்மா” என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். “இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் அறிவியல் நோட்டில் ஒன்றும் இல்லை, விட்டுப்போன பாடத்தை எப்போது எடுப்பீர்கள்?” என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். தீரவில்லையென்றால் துணை முதல்வர், அப்புறம் முதல்வர். அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலகம். தனியாகப் போவதைவிட அதே வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேராகப் போவது நல்லது, வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்ப்பதைவிட எவ்வளவோ நல்லது. கேட்கும் தொனியும் முக்கியம். அந்த அறிவியல் ஆசிரியர் இரண்டு ஆசிரியர் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அவசியம். உங்கள் மகன் எந்த வகுப்பில் இருக்கிறான்? பொதுத்தேர்வு போன பிறகு பல பள்ளிகள் படிவம் 1-இல் சேர்ந்த முதல் வாரங்களிலேயே ஒரு சோதனை வைத்து, மதிப்பெண் வரிசைப்படி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கின்றன. அந்தச் சோதனையும் மலாயில்தான். ஆறு ஆண்டுகள் தமிழில் படித்தவன் அதில் சறுக்கி மூன்றாவது நான்காவது வகுப்புக்குப் போய்விடுவது சாதாரணம். அப்படிப்பட்ட வகுப்புகளில் சில ஆசிரியர்கள் கேள்வியின் கனத்தைக் குறைத்துவிடுகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பாடம் கனமாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு இது காரணமாக இருக்கக்கூடும். ஊகம்தான், ஆனால் விசாரிக்கத் தகுந்த ஊகம். வகுப்பை மறுபடி எப்போது பிரிப்பார்கள், எதை வைத்துப் பிரிப்பார்கள் என்று முதல்வரிடம் நேரடியாகக் கேளுங்கள். முதல் வகுப்பில் என்ன பயிற்சித்தாள் கொடுக்கிறார்களோ அதன் நகல் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். மறுத்த பள்ளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன், காரணத்தோடு. ஆங்கிலவழி அனைத்துலகப் பள்ளிக்குப் போனால் அவன் இரண்டாவது முறையாக மொழி மாறுகிறான், அதுவும் முதல் மாற்றத்தையே இன்னும் தாண்டாத நிலையில். பெரும்பாலும் எஸ்.பி.எம். பாதையை விட்டு விலகியும் போகிறான். பிறகு மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), அரசாங்கப் பல்கலைக்கழகம், அரசாங்க வேலை என்று எதை நினைத்தாலும் எஸ்.பி.எம். மலாய்மொழி வந்து முன்னால் நிற்கும், அதைத் தனியாகப் படித்து எழுத வேண்டிவரும். கட்டணமோ ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஆண்டு ஏறும். வசதியுள்ள குடும்பத்துக்கு அது ஒரு வழி, தவறென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுப்பாடம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கக்கூடிய முடிவாக எனக்குத் தெரியவில்லை. மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லக்கூடிய நிலை ஒன்று உண்டு. முக்கியப் பாடம் ஒன்றில் ஒரு பருவம் முழுக்க ஆசிரியர் இல்லை, நீங்கள் எழுத்தில் கேட்டும் பதில் இல்லை, அல்லது வகுப்பில் அடிதடி, பகடிவதை என்று பிள்ளை பள்ளிக்குப் போகவே பயப்படுகிறான். அப்போதும் முதலில் வேறொரு அரசாங்கப் பள்ளிக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

டியூஷனுக்கும் இதே அளவுகோல். சோதனையில் எது இடறுகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு மட்டும் போகட்டும். ஐந்து பாடத்துக்கும் சேர்த்துப் போட்டால் மாலை முழுக்கப் போய்விடும், சொந்தமாக உட்கார்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கட்டும் நேரம் இல்லாமல் போகும். பதின்மூன்று வயதில் பழக வேண்டியது அந்த மல்லுக்கட்டுதான். விடை தெரியாமல் பத்து நிமிடம் ஒரு கேள்வியின் முன்னால் உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு எஸ்.பி.எம். பயமில்லை.

கடைசியாகத் தமிழ். உங்கள் அண்ணன் அக்கறையோடு சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. தமிழை விட்டால் வாரத்தில் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு. இழப்பதோ, அவனுக்கு இன்று கடினமான கேள்விகளைத் தயங்காமல் எதிர்கொள்ள முடிகிற ஒரே பாடத்தை. மற்ற எல்லா வகுப்பிலும் மொழிக்காகத் திணறும் பிள்ளை, தமிழ் வகுப்பில்தான் கட்டுரையில் ஒரு கருத்தை நீட்டி எழுதுகிறான், வாதிடுகிறான், கவிதைக்குப் பொருள் சொல்கிறான். அங்கே பழகும் யோசனை மலாய்க் கட்டுரைக்கும் வந்து சேரும், இதை வகுப்பில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அவன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றாலோ, பள்ளி நேரத்துக்கு வெளியே தள்ளிவைத்திருந்தாலோ, கல்விச் சட்டம் 1996 சொல்வதை நினைவில் வையுங்கள். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும். படிவம் 1-இல் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, மற்றப் பெற்றோரிடம் பேசி, கையெழுத்து வாங்கிக் கடிதத்தை முதல்வரிடம் நேரில் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை போடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அட்டவணை முடிந்த பிறகு எந்தப் பள்ளியிலும் அதை அசைப்பது கஷ்டம்.